வெளுத்துப்போன பெயர்க்கல்

சுலோஜனா புள்ளிவிபரவியலில் விசேட பட்டம் பெற்றவள். பட்டத்தை உறைக்குள் போட்டு வைத்துவிட்டு நாலு வருடம் வீட்டிலிருந்தாள். பிறகு மற்றப் பட்டதாரிகளோடு சேர்ந்து புளியந்தீவில் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு முன்னால் பதாகை பிடித்தாள். ஒருநாள் அரசாங்கம் மனமிரங்கி அவளை அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆக்கி, வாவியின் மேற்குக் கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் போகிற வழியிலுள்ள ஒரு சிறிய கந்தோருக்கு அனுப்பியது. அங்கே ஏற்கெனவே பதினொரு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். அபிவிருத்தி மட்டும் இன்னும் கடமையைப் பொறுப்பேற்கவில்லை. கதிரைகளும் பதினொன்று. ஆகவே சுலோஜனா தினமும் மண்முனைப் பாலத்தால் ஸ்கூட்டி ஓடி வந்து, கையெழுத்து வைத்துவிட்டு, அலுமாரியில் சாய்ந்து நின்றபடி நாட்டை அபிவிருத்தி செய்தாள்.

அவளுக்குக் கமரா கிடைத்ததும் அப்படி நின்றதால்தான்.

கந்தோரின் தலைவர் வினாயகமூர்த்தி. பதவிப்பெயர் உதவிப் பணிப்பாளர். ஆனால் ‘உதவி’ என்ற சொல்லோடு கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. ‘பணிப்பாளர்’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். ஐம்பத்தாறு வயது. நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பை எதிர்த்து வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து சகிதம் முப்பது வருடமாகப் போராடி வந்தார். ஒருநாள் அவர் அலுமாரியைத் திறந்து, முடிந்துபோன ஏதோ ஒரு திட்டம் விட்டுச் சென்ற கமராப் பெட்டியை வெளியே எடுத்தார்.

“ஆருக்குக் கமரா தெரியும்?” என்றார்.

எல்லோரும் யன்னலைப் பார்த்தார்கள். சுலோஜனா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். தானாக எழுந்து முன்வந்த ஒரு ஊழியரை வினாயகமூர்த்தி தன் சேவைக்காலத்தில் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். “வெரி குட் மிஸ்” என்று பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் வேலை, விதைநெல் வழங்கும் வைபவம். நடுப்பகல் வெயிலில், வயல்வட்டைக்கு நடுவே, நெல்மூட்டைகளுக்குப் பின்னால் பணிப்பாளர் நின்றார். சுலோஜனா ஒரு படம் எடுத்துக் கமராவின் திரையைப் பார்த்தாள். வெயிலில் திரை கரிச்சட்டியின் அடிப்பக்கம்போல இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. படம் இருட்டாகிவிட்டது என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டினாள். பிறகும் தெரியவில்லை. இன்னும் கூட்டினாள். ஒருவழியாகத் திரையில் ஆட்கள் தெரிந்ததும் மனநிறைவோடு நூற்றுப்பத்துப் படங்கள் எடுத்தாள்.

கந்தோருக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தாள். வானம் இல்லை. நெல்மூட்டைகள் பஞ்சு மூட்டைகளாகியிருந்தன. பணிப்பாளருக்கு உடம்பே இல்லை. சட்டை வானத்தோடு கலந்துபோய், ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் வட்டைக்கு மேலே மிதந்து விதைநெல் வழங்கிக்கொண்டிருந்தன.

பேச்சு வாங்கத் தயாராக அவள் நின்றபோது, பின்னால் வந்து பார்த்த வினாயகமூர்த்தி தோளில் தட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டார்.

“இதுதான் மிஸ் படம்! பாருங்க, முகம் எப்பிடிப் பளிச்செண்டு வந்திரிக்கி!”

மிதந்த தலை உண்மையிலேயே கோதுமை நிறத்தில் இருந்தது. அன்று பின்னேரமே அது கந்தோரின் முகநூல் பக்கத்தில் ஏறியது. ‘சேர் பத்து வயது குறைந்துவிட்டார்’ என்று பதினொரு அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் தனித்தனியே எழுதினார்கள். உடம்பைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

பாராட்டு கிடைத்ததால் சும்மா இருந்திருக்கலாம். சுலோஜனாவால் முடியவில்லை. அதற்கு அவளுக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னர் அவளுக்குச் சித்தாண்டியில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். படம் எடுப்பதற்கு மதுரனின் ஸ்ரூடியோவுக்குப் போனாள். மதுரனிடம் கறுப்பாக உள்ளே போகிறவர்கள் வெள்ளையாக வெளியே வருவார்கள் என்று ஊரில் பேர். அவளையும் அப்படியே வெளியே அனுப்பினான். படத்தைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடித்துப்போய், பெண் பார்க்க வந்தார்கள். சுலோஜனா தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் தாய் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கழுத்தை நீட்டி அவளுக்குப் பின்னால், அறைக்குள் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “பொம்புளப் புள்ள எங்க?”

அன்றைக்கு அந்தத் தட்டை இறக்கி வைக்க அவளுக்கு நெடுநேரம் ஆனது. சம்பந்தம் போனதில் கவலை இல்லை. பிறகு விசாரித்ததில் மாப்பிள்ளைக்குத் தலைமயிரும் படத்தில் மட்டும்தான் என்று தெரிந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவளைவிட்டுப் போகவில்லை. தன்னுடைய வீட்டிலேயே, தன்னை முன்னால் வைத்துக்கொண்டே, தன்னைத் தேடிய அந்தக் கழுத்தை அவள் மறக்கவில்லை.

இப்போது அதே வேலையைத் தானும் ஒரு மனிதனுக்குச் செய்திருக்கிறாள். அவருக்கு அது பிடித்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

அந்தச் சனிக்கிழமை கமராவை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு பொத்தானாக அமர்த்திப் பார்த்தாள். ஒரு பொத்தானை இரண்டு தரம் அமர்த்தியதும் படம் சிறுத்து மூலைக்குப் போனது. பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதற்குள் வெள்ளையாக ஒரு மேடு. சுலோஜனா எழுந்து நின்றுவிட்டாள். தெருவில் பல்கலைக்கழகத் தோழியைக் கண்டதுபோல இருந்தது. அது ஹிஸ்டோகிராம். பத்தாம் ஆண்டில் சதுரக்கோட்டுக் கொப்பியில் நீலப் பென்சிலால் நிறந்தீட்டிய அதே வலையுரு வரையம். நாலு வருடம் படித்த படிப்பு, வேலை கிடைத்து இரண்டு வருடம் கழித்து, முதன்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தது.

அவளுக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. இடப்பக்க ஓரம் முழு இருட்டு. வலப்பக்க ஓரம் முழு வெள்ளை. படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் தன் வெளிச்சத்துக்கு ஏற்ற இடத்தில் போய்க் குவிகிறது. விதைநெல் படத்தைத் திறந்து பார்த்தாள். முழுக் குவியலும் வலப்பக்கச் சுவரில், களஞ்சியத்தில் மூட்டை அடுக்கியதுபோல ஏறி நின்றது. பணிப்பாளரின் உடம்பு அங்கேதான் இருந்தது. சுவரைத் தாண்டிய தரவு திரும்பி வராது. திரையின் வெளிச்சம் வெயிலில் ஒரு கதையும் நிழலில் ஒரு கதையும் சொல்லும். இந்த மேடு எங்கே நின்று பார்த்தாலும் ஒரே கதைதான் சொல்லும். கமராவில் இன்னொரு வசதியும் இருந்தது: வெளுத்துப்போன இடங்கள் திரையில் கறுப்பாக மினுங்கி எச்சரிக்கும். கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியை அன்று பின்னேரம் முழுக்க எடுத்தாள். வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மினுக்கம் நின்று, குவியல் சுவருக்கு ஒரு விரற்கடை இப்பால் வந்து நின்றபோது, வேட்டியின் கரையும் மடிப்பும் நூலும் தெரிந்தன.

அடுத்த வைபவம் தையல் இயந்திரம் வழங்குதல். சுலோஜனா திரையில் தெரிந்த படத்தைக் கவனிக்கவே இல்லை. மேட்டைப் பார்த்து எடுத்தாள். சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் வந்தது. பையில் குத்தியிருந்த பேனையின் கிளிப்கூட வந்தது. வினாயகமூர்த்தி கணினிக்கு முன்னால் குனிந்தார்.

“ஆரு இந்தக் கறுவல்?”

“நீங்கதான் சேர்.”

பதினொரு அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் ஒரே நேரத்தில் வேலை செய்யத் தொடங்கினார்கள்.

“நானா? நான் இப்பிடியா இரிக்கன்?”

“வெயில் உச்சிக்கு மேல நிண்டது சேர், முகத்துல நிழல் விழுந்திரிச்சி. வெளிச்சத்தக் கூட்டினா சட்டை வெளுத்துப் போயிரும். இஞ்ச பாருங்க, இந்தப் பக்கம் இருட்டு, இந்தப் பக்கம் வெளிச்சம். குவியல் இந்தச் சுவருல முட்டினா அங்க இரிக்கிறது எல்லாம் போச்சு. மறுகா என்ன செஞ்சாலும் எடுக்க ஏலா.”

வினாயகமூர்த்தி வரையத்தைப் பார்த்தார். கணக்கில் தான் வாங்கிய புள்ளிகள் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் இன்னும் கறுத்தது.

“எனக்குக் கிராப் வேணாம் மிஸ். முகம் வேணும்.”

அத்தோடு அவளுடைய புகைப்படப் பணி முடிந்தது. அடுத்த மாதம் வரவிருந்த பெரிய விழாவுக்கு மதுரனை ஒழுங்கு செய்தார்கள்.

பெரிய விழா என்பது வாவிக் கரையில் மீனவர்களுக்குக் கட்டிய இறங்குதுறையின் திறப்பு. தோணிகளைக் கட்ட ஒரு கொங்கிரீட் மேடை, நாலு படி, ஒரு தகரக் கூரை. இவற்றைவிடக் கவனமாகச் செய்யப்பட்டது பெயர்க்கல். வெள்ளை மாபிள், பொன்னிற எழுத்து. முதல் வரி கொழும்பிலிருந்து வரும் பிரதம அதிதிக்கு. இரண்டாவது வரி தலைமைக் கந்தோருக்கு. மூன்றாவது வரியில் ‘திரு. க. வினாயகமூர்த்தி, பணிப்பாளர்’. ‘உதவி’ போட இடம் போதாமல் போய்விட்டதாகக் கல் வெட்டியவர் சொன்னார். அவரை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. கடைசி வரியில் ‘முற்பகல் 11.04 சுபவேளை’. முப்பது வருடச் சேவையில் வினாயகமூர்த்தியின் பெயர் கல்லில் ஏறுவது இதுதான் முதல் தடவை. திறப்புக்கு முந்திய கிழமை ஒவ்வொரு நாளும் போய்க் கல்லை மூடிய திரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

“மிஸ், நீங்க எனக்குக் குடையப் பிடிங்க” என்றார் விழா அன்று. அரசாங்கம் பட்டதாரிகளை வீணாக்குவதில்லை.

மதுரன் இரண்டு கமராக்களைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கொங்கிரீட் மேடையில் குந்தியும் எழும்பியும் சுழன்றும் வேலை செய்தான். திரை நீக்கும் இடத்தில் வெள்ளைத் தேசிய உடையில் பிரதம அதிதி, வெள்ளைக் காற்சட்டையில் பணிப்பாளர், வெள்ளைக் கல், பின்னால் வெயிலில் தகதகக்கும் வாவி. சுலோஜனாவுக்கு அந்த வரையம் கண்ணுக்குள்ளேயே தெரிந்தது.

“மதுரன் அண்ணன், கல்லப் பாத்தீங்களா? வெளுக்கப் போகுது.”

“தங்கச்சி, கல்லுக்கா கலியாணம்? சனத்துட முகம் வெளிச்சமா இரிக்கணும். அவ்வளவுதான்.”

“அந்த மினுக்கம் காட்டல்லியா ஒங்கட கமராவுல?”

“அது மினுங்கி மினுங்கிக் கரைச்சல் தந்திச்சி. நிப்பாட்டிப் போட்டன்.”

திரை விலகிய நேரம் சுலோஜனா குடையை இடக்கைக்கு மாற்றி, யாரும் திருப்பிக் கேட்காததால் இன்னும் கழுத்தில் கிடந்த கந்தோர் கமராவால் வலக்கையை மட்டும் வைத்து இரண்டு படம் எடுத்தாள். அந்த இரண்டு வினாடியும் குடை விலகிப் பணிப்பாளரின் தலையில் வெயில் பட்டது. அதற்காக அவர் பார்த்த பார்வையும் படத்தில் இருந்தது.

மதுரனின் படங்கள் மறுநாளே வந்தன. எல்லோரும் வெளிச்சமாக இருந்தார்கள். பிரதம அதிதியின் முதுகு வெளிச்சம். பணிப்பாளர் மருமகனாகப் போகிறவர்போல இருந்தார். அவற்றில் மிகச் சிறந்ததைத் தெரிந்தெடுத்து, பெரிதாக அச்சடித்து, விழா அறிக்கையோடு கொழும்புக்கு அனுப்பினார்கள்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. வினாயகமூர்த்தி அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கத் தொடங்கி, இரண்டாவது வரியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ‘தங்களால் அனுப்பப்பட்ட படத்தில் காணப்படும் கல்லில் எழுத்துகள் எவையும் காணப்படவில்லை. எழுத்துப் பொறிக்கப்படாத கல்லொன்று பிரதம அதிதியால் திரைநீக்கம் செய்யப்பட்டமைக்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும்.’

படத்தை எடுத்துப் பார்த்தார்கள். உண்மைதான். கல் துப்புரவாக இருந்தது. அதிதியும் பணிப்பாளரும் ஒரு வெள்ளைத் தகட்டைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உடனே ஓடிப்போய்க் கல்லை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பினார்கள். அதற்கும் பதில் வந்தது: ‘இக்கல் அக்கல்தான் என்பதற்கான அத்தாட்சி யாது? திரை, அதிதி, எழுத்து மூன்றும் ஒரே படத்தில் தெரிதல் வேண்டும்.’

மதுரனைக் கூப்பிட்டார்கள். அவன் கலங்கவில்லை. “இது என்ன பெரிய வேலை சேர், எழுத்தக் கணினியில அடிச்சி ஒட்டித் தாறன்” என்று ஒட்டியும் கொண்டுவந்தான். ஆனால் ‘வினாயகமூர்த்தி’யை ‘விநாயகமூர்த்தி’ என்று அடித்திருந்தான்.

“எங்கட அப்பா எனக்கு வெச்ச எழுத்து ‘னா’. பிறப்புப் பத்திரத்திலயும் அதுதான், கல்லிலயும் அதுதான். நீ ஆருடா மாத்துறதுக்கு?”

மதுரன் இரண்டு கமராவையும் தூக்கிக்கொண்டு போனான்.

அன்று பின்னேரம், எல்லோரும் போன பிறகு, சுலோஜனா தன்னுடைய இரண்டு படத்தில் ஒன்றைக் கணினியில் திறந்து வைத்து அவரைக் கூப்பிட்டாள். திரை இருந்தது. அதிதியின் முதுகில் பாதி இருந்தது. கல்லில் ஒவ்வொரு எழுத்தும் பொன்னாகத் தெரிந்தது. ‘னா’வின் சுழிகூடத் தெரிந்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்கு மேலே கரிக்கட்டைபோல ஏதோ ஒன்று அவளை முறைத்துக்கொண்டு நின்றது.

வினாயகமூர்த்தி நெடுநேரம் பார்த்தார். “பேர் இரிக்கி” என்றார். பிறகு, “ஆள் எங்க?”

“ரெண்டில ஒண்டுதான் சேர் வரும். முகத்த வெளிச்சமாக்கினா பேர் போகும். பேர வெச்சா முகம் இருளும்.”

ஒரு மனிதன் வாழ்க்கையில் எதிர்கொள்ளக்கூடிய கேள்விகளில் இது பெரிய கேள்வி. அவர் இரண்டு நாள் யோசித்தார். சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து வைத்துவிட்டு யோசித்தார். மூன்றாம் நாள் வந்து தீர்ப்புச் சொன்னார்.

“திருப்பித் திறப்பம்.”

“என்னத்த சேர்?”

“இறங்குதுறைய.”

பிரதம அதிதி கிடைக்க மாட்டார். ஆனால் படத்தில் அவருடைய முதுகு மட்டும்தானே விழுந்தது? கந்தோர்ச் சாரதி ஹில்மிக்கு ஏறக்குறைய அதே முதுகு. ஏறாவூரில் யாரிடமோ வெள்ளை உடுப்பு இரவல் வாங்கி வந்தான். “எனக்கிட்ட பேச்சு ஒண்டும் கேக்க மாட்டீங்கதானே சேர்?” என்று மட்டும் கேட்டுக்கொண்டான். சுலோஜனாவுக்கு இந்த நாடகம் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் ‘படம் நீங்கதான் எடுக்கணும்’ என்று அவர் சொன்னபோது அவள் ஒரேயொரு நிபந்தனை வைத்தாள்.

“காலைல ஏழு மணிக்கு எடுப்பம் சேர். வெயில் சாஞ்சி வரும், முகத்துலயும் படும்.”

“கல்லுல 11.04 எண்டு இரிக்கி. நிழல் பிழைச்சா அவனுகள் அதுக்கும் கடிதம் போடுவானுகள்.”

முப்பது வருடச் சேவை சும்மா போகவில்லை. அதை அவள் ஒத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்குப் போனபோது இறங்குதுறை தன் பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. கட்டப்பட்டதன் நோக்கத்துக்காகவே அதைச் சிலர் பாவித்ததைப் பார்த்துப் பணிப்பாளருக்குக் கோபம் வந்தது. பெயர்க்கல்லில் இறால் வலை காய்ந்தது. படியில் கண்ணகை உட்கார்ந்து, காலையில் அள்ளிய மீனைத் தரம் பிரித்து தக்கைபோன்ற ரெஜிபோம் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். புருஷனோடு தோணியில் போய் வலை இழுக்கிறவள்.

“வலைய எடுங்க அக்கா, துறை திறக்கப் போறம்” என்றான் ஹில்மி.

கண்ணகை அவனுடைய உடுப்பை மேலிருந்து கீழே பார்த்தாள். “திறந்துதானே கிடக்கு? மறுகா எங்கயாலும் பூட்டி வெச்சீங்களா?”

வலை எடுக்கப்பட்டது. திரை கட்டப்பட்டது. ஹில்மி முதுகைக் கொடுத்தான். பணிப்பாளர் கல்லருகே நின்றார். சுலோஜனா சால்வையால் தலையையும் கமராவையும் மூடிக்கொண்டு வரையத்தைப் பார்த்தாள். கல்லும் சட்டையும் வலப்பக்கம், சுவரில் முட்டாமல் நின்றன. பணிப்பாளரின் முகம் இடப்பக்க மூலையில் சுருண்டு கிடந்தது. நடுவில் வெறும் பள்ளம். முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். கல்லுக்கு ஒரு பொட்டும் கூடாது. சுற்றிப் பார்த்தாள். கண்ணகையின் மடிக்குப் பக்கத்தில் மீன்பெட்டியின் மூடி கிடந்தது. பால் வெள்ளை.

“அக்கா, அந்த மூடிய ஒருக்காத் தாறீங்களா?”

“தந்தா மீனுக்கு வெயில் படும் மகள். நானே வந்து பிடிக்கன், கெதியா முடிங்க.”

ஒரு சாக்கை நனைத்து மீனின்மேல் போட்டுவிட்டு, மூடியைக் கழுவாமலே தூக்கிக்கொண்டு வந்தாள். பணிப்பாளரின் நெஞ்சுக்குக் கீழே, படத்தில் விழாதபடி குந்தி, மூடியை வெயிலுக்குக் காட்டினாள். கீழிருந்து எழும்பிய வெளிச்சம் அவர் முகத்தில் பட்டது. மணமும் பட்டது.

“கொஞ்சம் சரிச்சிப் பிடிங்க அக்கா. இன்னும். ஆ, அப்பிடியே.”

வரையத்தில் இடப்பக்க மூலையில் கிடந்தது மெல்ல எழும்பி நடுப்பக்கம் நகர்ந்தது. கல் அசையவில்லை.

“என்னகா அது, அந்தப் பெட்டிக்குள்ள பாக்கிற?” என்று கண்ணகை குந்தியபடியே கேட்டாள்.

“வலையுரு வரையம் அக்கா.”

“வலையா? அதில என்னகா படும்?”

“இப்ப சேர்ட முகம்.”

“அதுக்கு ஒரு இஞ்சிக் கண் வெச்ச வலை காணுமா?”

ஹில்மியின் முதுகு குலுங்கியது. வினாயகமூர்த்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதிதியின் முன்னிலையில் சிரிக்கக் கூடாது என்று அடக்கினார். அதிதி ஹில்மிதான் என்பது ஞாபகம் வந்ததும் அடக்க முடியாமல் விட்டுவிட்டார். சுலோஜனா அந்த நேரம் பொத்தானை அமர்த்தினாள். ஒரு படம்தான். இன்னொன்று எடுக்கப் பார்ப்பதற்குள் கண்ணகை மூடியை எடுத்துக்கொண்டு மீனுக்குப் போய்விட்டாள்.

கந்தோரில் படத்தைத் திறந்தபோது வினாயகமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். சுலோஜனா பின்னால் தள்ளி நின்றாள். பெயர் இருந்தது. ‘னா’ இருந்தது. சட்டையின் மடிப்பும் பொத்தானும் இருந்தன. முகமும் இருந்தது. கோதுமை நிறம் இல்லை, கரிக்கட்டையும் இல்லை. நல்லெண்ணெய் தேய்த்ததுபோன்ற ஒரு கறுப்பு. கண்ணோரச் சுருக்கம், மேல்வரிசையில் விழுந்த பல்லின் இடைவெளி, நாடியிலிருந்த பழைய வெட்டுத் தழும்பு எல்லாம் தெரிந்தன. அந்த மனிதன் சிரித்துக்கொண்டிருந்தான்.

‘ஆரு இந்தக் கறுவல்’ என்று கேட்பாரோ என்று சுலோஜனா வாசலைப் பார்த்தாள்.

“எங்கட அப்பாவப் போல கிடக்கு” என்றார் கடைசியில்.

“நல்லாரிக்கா சேர்?”

“அப்பா நல்லாத்தான் இருந்தாரு.” கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “அவருட படமே இல்ல. ஒண்டு எடுக்கப் போய், ஸ்ரூடியோக்காரன் பவுடர் போடச் சொன்னானாம், கோவிச்சிக்கிட்டு வந்துட்டாரு” என்றார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பணிப்பாளர் ஆனார். “அனுப்புங்க மிஸ். ஒரு பிரதி எனக்கு வீட்டுக்கு, ஒண்டு இஞ்ச சுவருக்கு.”

சுலோஜனா ஸ்கூட்டியில் பாலத்தைக் கடந்தபோது தன்னை அறியாமல் பாடிக்கொண்டு போனாள். ஹில்மியின் முதுகை எண்ணியபோது மட்டும் பாட்டு கொஞ்சம் இடறியது.

கொழும்பிலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது: ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது.’ முதுகைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மதுரன் தன் ஸ்ரூடியோ வாசலில் ‘இங்கு ஹிஸ்டோகிராம் பார்த்துப் படம் எடுக்கப்படும்’ என்று புதுப் பலகை மாட்டினான். உள்ளே போகிறவர்கள் முன்புபோலவே வெள்ளையாக வெளியே வந்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் வினாயகமூர்த்தி விஞ்ஞானத்தை நம்பத் தொடங்கிவிட்டார். ஒரு விஷயத்தை நம்பிய அதிகாரி செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், சுற்றுநிருபம் விட்டார். ‘இனிவரும் சகல புகைப்படங்களும் வலையுரு வரையத்துடன் சமர்ப்பிக்கப்படல் வேண்டும். குவியலானது நடுவில் அமைதல் வேண்டும். ஓரத்தில் அமையும் குவியல்கள் நிராகரிக்கப்படும்.’

‘நடுவில்’ என்று தான் ஒருபோதும் சொல்லவில்லை என்று சுலோஜனா போய்ச் சொன்னாள். சுவரில் முட்டி அறுபடக் கூடாது, அவ்வளவுதான். வெள்ளைப் பொருள் வலப்பக்கமும் கறுப்புப் பொருள் இடப்பக்கமும் நிற்பதுதான் நியாயம் என்றாள். அவர் கேட்டுக்கொண்டார். சுற்றுநிருபம் தட்டச்சாகிவிட்டது என்றார்.

அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் கெட்டிக்காரர்கள். சாம்பல் நிறமான எதை எடுத்தாலும் மேடு நடுவில் வரும் என்று ஒரே கிழமையில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு அந்தக் கந்தோரின் அபிவிருத்தி எல்லாம் சீமெந்தாகவே நடந்தது. பூசாத மதில் ஒன்றின் படத்துக்கு அந்த மாதம் விசேட பாராட்டுக் கிடைத்தது.

சுலோஜனாவுக்குக் கிடைத்த வேலை, எருமை வளர்ப்போர் திட்டத்துக்குப் படம் எடுப்பது. வட்டைக்குப் பக்கத்து வில்லுக்குளத்தில் எருமைகள் கழுத்துவரை கிடந்தன. இரண்டின் முதுகில் கொக்குகள் நின்றன. அவள் ஒரு மணித்தியாலம் சேற்றில் நின்று எடுத்தாள். எருமையின் கறுப்பில் ஈரம் மினுங்கியது. கொக்கின் இறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இந்தக் கமராவால் அவள் எடுத்த படங்களில் இதுதான் சிறந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் அது சிவப்பு மை அடையாளத்தோடு திரும்பி வந்தது. அவள் உள்ளே போனாள்.

“என்ன மிஸ் இது? இடப்பக்கம் ஒரு மலை, வலப்பக்கம் ஒரு மலை. நடுவுல ஒண்டும் இல்ல.”

“இது எருமை சேர். அது கொக்கு.”

வினாயகமூர்த்தி படத்தையும் வரையத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய தலைக்கு மேலே சுவரில், நல்லெண்ணெய் தேய்த்ததுபோன்ற கறுப்பில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

“எருமையக் கொஞ்சம் குறைச்சி எடுங்க” என்றார்.

“சரி சேர்.”

சுலோஜனா மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, அதே படத்தை, அதே வரையத்தோடு, திகதியை மட்டும் மாற்றிக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு வெகு கவனமாகப் பார்த்தார்.

“ஆ, இப்ப சரி” என்று கையெழுத்து வைத்தார்.